பௌர்ணமி மௌனமும் கீழ்க் கடைவாய்ப் பல்லும்

என் வீட்டுக்காரர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாயைத் திறக்க மாட்டார். காலையில் குளித்து விபூதி பூசினால் அதோடு பேச்சு நின்றது. சாயங்காலம் கிரிவலம் போய்விட்டு வந்து ஒரு வாய் சோறு உள்ளே போகும் வரைக்கும் மௌனம்தான். எழுதிக் காட்டவும் மாட்டார், எழுதினால் அதுவும் பேச்சுதானாம். எதற்காக இந்த விரதம் என்று கேட்டால் சிரிப்பார். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் காரணம் தெரிந்தவள் போல, மாசத்தில் ஒரு நாளாவது உனக்கு பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்க்கிறார், விட்டுவிடேன் என்பாள். அவள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. எங்கள் வீட்டில் பேச்சு என் இலாகா.

நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நாளெல்லாம் மனு கொண்டுவருகிறவர்களிடம் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை திறந்தே கிடக்கிறது. இவருக்குச் செங்கம் ரோட்டில் டூவீலர் ரிப்பேர் கடை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவன் வாயைத் திறப்பதற்கு முன்னால், ஸ்டார்ட் பண்ணு என்பார். சத்தத்தைக் கேட்டுவிட்டு, செயின் தொங்குது, இல்லாவிட்டால் பிஸ்டன் போச்சு என்று சொல்லிவிடுவார். மனுஷர் பேசுவதைவிட வண்டி பேசுவதைத்தான் அதிகம் கேட்டவர்.

ஆசிரமத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறோம். போன மழைக்காலத்தில் அதில் ஓர் அறைக்குத் திருச்சியிலிருந்து ஒரு பல் டாக்டரம்மா வந்து தங்கினார். முப்பத்தைந்து வயசு இருக்கும். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஆசிரமத்தில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்ள வந்தவர். வாரத்தில் பாதி நாள் அவரும் பேச மாட்டார். கீழே ஒருத்தர், மேலே ஒருத்தர், நடுவில் நான் யாரிடம்தான் பேசுவது? ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்க்கிற டாக்டர் தன் வாயைத் திறக்கக் கணக்குப் பார்க்கிறாரே என்று அவர் காதில் விழுகிற மாதிரியே கிண்டல் பண்ணுவேன். சிரித்துக்கொண்டே மாடி ஏறிப் போய்விடுவார்.

கிளம்புகிற அன்றைக்கு என் போனை வாங்கித் தன் நம்பரை அவரே பதிந்து கொடுத்தார். பல்லில் ஏதாவது தொந்தரவு வந்தால் படம் எடுத்து அனுப்புங்கள் அக்கா என்றார். சும்மா மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாளே பூக்காரம்மாவுக்கு ஈறு வீங்கியது, படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. எந்தப் பல், எத்தனை நாளுக்குள் போய்க் காட்ட வேண்டும், அதுவரைக்கும் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, எல்லாம் தமிழில், புரிகிற மாதிரி. அதற்கப்புறம் விடுவேனா? தெருவில் யாருக்குப் பல் வலித்தாலும் என் வீட்டு வாசலில் வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். என் போனைத் திறந்தால் பேத்தி படம் ஒன்று, பல் படம் ஒன்று என்று மாறி மாறி வரும். இதற்கு அவசரமில்லை என்பார், இதற்கு இன்றைக்கே போகச் சொல்லுங்கள் என்பார். அவர் சொன்னது ஒன்றும் தப்பிப் போனதில்லை. ஒரு பைசா கேட்டதில்லை, ஒரு நாள் சலித்துக்கொண்டதில்லை.

தெருவில் அத்தனை பேர் பல்லையும் படம் எடுத்தேன். என் வீட்டுக்காரர் பல்லைத்தான் எடுக்கவில்லை. எடுக்க விட்டால்தானே.

வலப்பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல். வாரம் முழுக்க வலி இருந்திருக்கிறது. கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு கடைக்குப் போனார். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். டாக்டரம்மாவுக்குப் படம் அனுப்பலாம் என்றால், கொறஞ்சிடுச்சி, கொறஞ்சிடுச்சி என்று நகர்ந்துவிடுவார். சனிக்கிழமை தாடை வீங்கியிருந்தது. நான் தோசைக்கல்லில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தேன். எங்கள் ஊரில் வீக்கம் என்றால் உப்பு ஒத்தடம்தான், யாரையும் கேட்க வேண்டியதில்லை. சூடு இதமாக இருக்கிறது என்று தலையாட்டினார். நானும் நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு, பௌர்ணமி. விடிந்ததும் குளித்தார், விபூதி பூசினார், வாய் மூடிக்கொண்டது.

வலி எப்படி இருக்கிறது என்றால் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். வழக்கமாகக் குடிக்கிற பாலைத் தொடவில்லை, பௌர்ணமி என்பதால் முழுப் பட்டினி இருக்கிறார் போல என்று விட்டுவிட்டேன். துண்டை வாயில் ஒற்றிக்கொண்டே இருந்தார், வலிக்கு இதமாக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். வேறு எந்த நாளாக இருந்தாலும் வாய் குழறியதுமே எனக்குத் தெரிந்திருக்கும். பேசாத மனுஷனிடம் எதைக் கண்டுபிடிப்பது?

மத்தியானம் சமையல் வேலை முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், இவர் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, கழுத்தை முன்னால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் படுக்காமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. துண்டு நனைந்து தொப்பலாகக் கிடந்தது. எச்சிலை விழுங்க முடியாமல்தான் ஒற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.  இவரிடம் ஒன்றும் கேட்காமல் டாக்டரம்மாவுக்கு வீடியோ போட்டேன்.

எடுத்ததும் சிரித்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பின்பக்கக் கேமராவைத் திருப்பி டார்ச் போடச் சொன்னார். வாயைத் திறக்கச் சொன்னால் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. நான் போனை வாய்க்குள்ளேயே திணிக்கப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளிப் பிடிங்கக்கா, கை ஆடாமல் இருந்தால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுமையாகச் சொன்னார். கழுத்தைக் காட்டச் சொன்னார். இரண்டு பக்கமும் காட்டச் சொன்னார். வீக்கம் வலது தாடையில் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். முகவாய்க்கு அடியில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரைக்கும் வீங்கியிருந்தது.

"அக்கா, உங்க மூக்கு நுனிய அழுத்திப் பாருங்க. அப்புறம் உங்க நெத்திய அழுத்துங்க. இப்ப அண்ணனோட முகவாய்க்கு அடியில அழுத்திப் பாருங்க. மூக்கு மாதிரி இருக்கா, நெத்தி மாதிரி இருக்கா?"

நான் அழுத்தினேன். சதை மாதிரியே இல்லை.

"நெத்தி மாதிரி இருக்குது" என்றேன்.

   டாக்டரம்மா உடனே, அண்ணனை ஏதாவது ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள், குரலைக் கேட்க வேண்டும் என்றார்.

இவர் தலையை ஆட்டினார். ஜன்னல் வழியாகத் தெரிகிற மலையைக் கை காட்டினார். இரண்டு கையையும் கூப்பினார். எனக்கு வந்ததே கோபம். உசுரு போகிற நேரத்தில் இன்னா விரதம், இந்த மனுஷனுக்கு வாக்கப்பட்டு நான் பட்ட பாடு என்று ஆரம்பித்து, கல்யாணத்தன்றைக்கு நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் இழுத்துவிட்டேன். அழுகையும் வந்தது, கத்தலும் வந்தது. இவர் கூப்பிய கையை இறக்கவே இல்லை.

"அக்கா, சத்தம் போடாதீங்க. போன அண்ணன் கையில குடுங்க" என்றார் டாக்டரம்மா.

கொடுத்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. அவசரமும் காட்டவில்லை.

"அண்ணே, உங்க மாடியில இருந்தப்ப நானும் பேசாமத்தான் இருந்தேன். எனக்குத் தெரியும். விரதத்த முறிக்கச் சொல்லல. சாமி பேரு பேச்சுல சேராதுண்ணே. அண்ணாமலையாருக்கு அரோகரானு ஒரே ஒரு தரம் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

இவர் மலையைப் பார்த்தார்.  அப்புறம் சொன்னார்.

வாய் நிறையச் சூடான களியை வைத்துக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது. முதல் பாதி எப்படியோ வந்துவிட்டது. அரோகராவில் 'ரோ' வரவில்லை, 'ரா'வும் வரவில்லை, நாக்கு மேலே எழும்பவே இல்லை. தேரோட்டத்தன்றைக்கு ராஜகோபுரத்துக்கு முன்னால் நின்று இவர் அரோகரா போட்டால் முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலா இது?  இவர் முகத்திலும் அப்போதுதான் பயம் வந்தது. தன் குரல் போனது அதுவரைக்கும் இவருக்கே தெரியாது.

டாக்டரம்மா சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. பல்லில் பிடித்த சீழ் நாக்குக்கு அடியில் இறங்கி நாக்கை மேலே தள்ளுகிறது, இன்னும் தள்ளினால் மூச்சு அடைத்துவிடும். இனி ஒத்தடம் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது, எதற்காகவும் படுக்க வைக்கக் கூடாது. பல் ஆஸ்பத்திரிக்குப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இந்த நிமிஷமே கிளம்புங்கள் என்றார்.

கிளம்புவது எப்படி? பௌர்ணமி மத்தியானம். செங்கம் ரோட்டில் வண்டி விடுவதை நிறுத்தியாயிற்று, ஜனம் நடக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி தன் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வருகிறோம், ஆனால் கூட்டத்தைத் தாண்டி உள்ளே வர நேரமாகும் என்றார்கள். எது முதலில் நகருமோ அதில் ஏறுங்கள் என்றார் டாக்டரம்மா. வாசலில் என் ஸ்கூட்டி நின்றது. உட்கார்ந்தபடியேதான் கொண்டுபோக வேண்டும் என்றால் ஸ்கூட்டியைவிட வேறு எது? இவரைப் பின்னால் ஏற்றி, பச்சைத் துண்டால் என் இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள் பக்கத்து வீட்டுக்காரி. கல்யாண ஊர்வலத்தில்கூட நாங்கள் அத்தனை நெருக்கமாக உட்கார்ந்ததில்லை.

போன், ஸ்பீக்கர் போட்டபடி இவர் சட்டைப் பையில் இருந்தது. பைக்குள்ளிருந்து டாக்டரம்மா சொன்னார்: "வழியெல்லாம் அரோகரா சொல்லிட்டே வாங்கண்ணே. நான் கேட்டுட்டே வர்றேன். நின்னுடாதீங்க."

செங்கம் ரோட்டில் ஏறினால் மொத்த ஜனமும் எங்களுக்கு எதிரில் வருகிறது. மலையைச் சுற்றுகிறவர்களுக்கு எதிராக நான் ஒரு நாளும் நடந்ததுகூட இல்லை, அன்றைக்கு வண்டியே ஓட்டினேன். ஹாரன் அடித்தேன், கையை ஆட்டினேன். எதிரில் வண்டி வருகிறதே என்று நாலு பேர் முறைத்தார்கள். அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து இவருடைய குழறல் வந்தது, அண்ணாமலையாருக்கு. எதிரில் வந்த ஒரு கூட்டம் பழக்கத்தில் அரோகரா என்றது. என்றவர்கள் இவர் முகத்தைப் பார்த்தார்கள். துண்டால் கட்டியிருப்பதைப் பார்த்தார்கள். வழி வுடு, வழி வுடு என்று ஒருத்தரை ஒருத்தர் இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். இவர் பாதி சொன்னார், ஊர் மீதியைச் சொன்னது. அப்படியே ரோடு எங்களுக்குத் திறந்துகொண்டே போனது.

தடுப்பு வைத்திருந்த இடத்தில் ஒரு பெண் போலீஸ் கையைக் காட்டி மறித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பை பேசியது. நான் டாக்டர் பேசுகிறேன், இவருக்கு மூச்சு அடைத்துக்கொண்டு வருகிறது, தயவுசெய்து வழி விடுங்கள். அந்தம்மா ஒரு நொடி யார் பேசுவது என்று தெரியாமல் முழித்தார். அப்புறம் தடுப்பைத் தானே நகர்த்திவிட்டு, முன்னால் ஓடிக் கூட்டத்தை விலக்கினார்.

கோயில் பக்கம் வர வர இரைச்சல் ஜாஸ்தியாகிவிட்டது. டாக்டரம்மா கூப்பிட்டார்.

"அக்கா, எனக்குக் கூட்டத்துச் சத்தம்தான் கேக்குது. அண்ணன் குரல் தனியாத் தெரியல. உங்களுக்குத் தெரியும். நீங்க கேளுங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மௌன விரதம் எனக்குத்தான். அத்தனை அரோகராவுக்கு நடுவில் ஒரே ஒரு குழறலை மட்டும் பிடித்துக்கொண்டு வண்டியை ஓட்டினேன். இவர் கடையில் அத்தனை வண்டிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு வண்டியின் சத்தத்தை எப்படித் தனியாகக் கேட்கிறார் என்று எனக்கு அதற்கு முன்னால் தோன்றியதே இல்லை.

ஆஸ்பத்திரி ரோடு திரும்புகிற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

வண்டியை நிறுத்தித் திரும்பினேன். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. கண் பிதுங்கி நிற்கிறது. கை மட்டும் என் முதுகில் தட்டிக்கொண்டே இருக்கிறது. சத்தம் வரலை டாக்டரம்மா என்று அலறினேன். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கேட்டார். இறங்குகிறது என்றேன். அப்ப நிக்காதீங்க, போங்க என்றார். போனேன். எப்படிப் போனேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. முதுகில் அந்தத் தட்டல் இருந்தது, அது போதும் என்று ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் யாருக்கும் நான் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாங்கள் வழியில் வரும்போதே டாக்டரம்மா எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் என் வாட்ஸப்புக்கு அனுப்பியிருந்தார். எந்தப் பல், எத்தனை நாள், வீக்கம் எங்கே, குரல் எப்போது போனது, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார், எல்லாம். டூட்டி டாக்டர் படித்துக்கொண்டே எழுந்தார். போனில் இருந்த டாக்டரம்மாவிடம் நாலு வார்த்தை பேசினார். அதற்குள் இவரை நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மூச்சுக்குக் குழாய் போட்டு, முகவாய்க்கு அடியில் கீறிச் சீழை எடுத்து, அந்தப் பாழாய்ப்போன பல்லையும் பிடுங்கிவிட்டார்கள்.

எல்லாம் முடிந்து வெளியே வந்த டூட்டி டாக்டர், யாரும்மா அந்த டாக்டர் என்று கேட்டார். எங்க மாடியில குடி இருந்தவங்க என்றேன். அவர் சொன்னார்: "கிரிவலம் முடிச்சிட்டு வரட்டும்னு வுட்டிருந்தீங்கன்னா, என் கையில ஒண்ணும் இருந்திருக்காதும்மா."

 அந்தச் சாயங்காலம் இவர் எங்கே இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அடி அண்ணாமலை பக்கத்தில், ஜனத்தோடு ஜனமாக, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நடந்திருப்பார். கீழே விழுந்தாலும் யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டார்.

குழாய் இருந்த நாளெல்லாம் விரதம் இல்லாமலே மௌனம். டாக்டரம்மா காலையும் மாலையும் கூப்பிட்டுக் கேட்டார். குழாயை எடுத்த அன்றைக்கு நான் வீடியோ போட்டு இவரிடம் காட்டினேன். நன்றி கின்றி என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். இவர் கரகரத்த குரலில் சொன்னார்:

"வண்டி சத்தத்த கேட்டு கோளாறு சொல்றதுல இந்த ஊர்ல என்ன வுட்டா ஆளு இல்லனு நெனச்சிட்டிருந்தேன் டாக்டரம்மா. நீங்க திருச்சியில உக்காந்துகினு, என் சத்தத்த கேட்டு சொல்லிட்டீங்களே."

கண் கலங்கிவிட்டது இவருக்கு. கடைக்கு வருகிற எந்த மெக்கானிக்கையும் இவர் இப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை.  டாக்டரம்மா போனுக்குள்ளிருந்து கையைக் கூப்பினார். இந்த இரண்டு ஊமைகளுக்கும் நடுவில் நான்தான், சரி சரி, நேரத்துக்கு மாத்திரை போடச் சொல்லுங்க என்று பேச்சை மாற்றினேன்.

விரதத்தை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது. பௌர்ணமியன்றைக்குக் குளித்து, விபூதி பூசி, ஜன்னல் பக்கம் நின்று போனை எடுப்பார். மைக்கை அழுத்திக்கொண்டு, மலையைப் பார்த்து ஒரே ஒரு தரம் சொல்லுவார். அது திருச்சிக்குப் போகும். அதோடு வாயை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து பதில் வரும், நல்லா இருக்குண்ணே என்று.

அந்தப் பதில் வருகிற வரைக்கும் எனக்குப் பொறுக்காது. இவர் போனை எடுத்ததுமே கையில் பால் பாத்திரத்தோடு சமையலறை வாசலில் வந்து நின்றுவிடுவேன். மூச்சுகூட விடாமல் கேட்பேன். அரோகராவில் 'ரோ' முழுசாக வந்து விழும், அப்புறம் 'ரா' வரும். அதற்கப்புறம்தான் போய் அடுப்பைப் பற்றவைப்பேன்.